பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் நடுவே

2022 மே 23 அன்று ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கிப் போட்டி தொடங்கியது. பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி. இந்திய அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டமே அதுதான். ஆட்டம் 1–1 என்று சமனில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் கார்த்தி இருந்தார். மலேசியாவுடன் நடந்த லீக் ஆட்டத்தில் இந்தியாவின் முதல் கோல் அவர் அடித்தது.

அரியலூர் மாவட்டத்துக்கு இது பெரிய பெருமை. ஆனால் கார்த்தி முழுமையான ஆட்டக்காரராக உருவானது அரியலூரில் இல்லை. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோவில்பட்டியில். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அங்கே ஹாக்கிக்கென்றே ஒரு சிறப்பு விளையாட்டு விடுதியை நடத்துகிறது. ஜகார்த்தா அணியில் கார்த்தியோடு இருந்த மாரீஸ்வரன் சக்திவேலும் அதே விடுதியில் பயிற்சி பெற்றவர். ஒரே அரசு விடுதியிலிருந்து இரண்டு பையன்கள் ஒரே நேரத்தில் இந்திய அணிக்குப் போனார்கள் என்றால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அங்கே செயற்கைப் புல்தரை இருக்கிறது, தங்குமிடமும் சாப்பாடும் இருக்கின்றன, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் பயிற்சியாளர் இருக்கிறார். இவற்றைவிட முக்கியமாக, ஹாக்கி பார்த்தும் பேசியும் வளர்ந்த ஓர் ஊர் சுற்றிலும் இருக்கிறது. அரசின் பணம் அந்த ஊரின் பழக்கத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அதனால் பலன் கிடைத்தது.

தரையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பள்ளி மைதானங்களில் ஹாக்கிப் பந்து சரளைக் கல்லில் பட்டுத் துள்ளும். பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாததால் பையன் நிமிர்ந்து நின்று, மட்டையைத் தளர்வாகப் பிடித்துக் காத்திருக்கப் பழகுகிறான். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்லில் பந்து துள்ளாது. வழுக்கிக்கொண்டு இரண்டு மடங்கு வேகத்தில் வந்து சேரும். அங்கே இடுப்பைத் தாழ்த்தி, மட்டையைத் தரையோடு படுக்கவைத்து ஆட வேண்டும். பதினேழு வயதுவரை சரளையில் ஆடியவன் புல்தரைக்கு வரும்போது உடம்பில் ஊறிய பழக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. கபடியிலும் இதே கதைதான். மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது குதிகால் சற்றே சறுக்கி நிற்கும். மேட் என்னும் விரிப்பில் ஷூ தரையைக் கவ்விக்கொள்ளும். உடம்பு திரும்புகிற விசை மொத்தமும் முழங்காலுக்குப் போகும். அந்த முழங்காலுக்கு வேண்டிய தொடைவலு பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நல்ல ரைடர் ஒருவன் ஒரே சீசனில் ஜவ்வு கிழிந்து வீட்டுக்குத் திரும்பிவிடுவான். புரோ கபடி 2014இல் தொடங்கியதிலிருந்து கபடியில் காசும் பேரும் மேட்டுக்குப் போய்விட்டன. நம் ஊர்களின் மின்னொளிக் கபடியோ பெரும்பாலும் இன்னும் மண்ணில்தான் நடக்கிறது.

ஆக, கேள்வி திறமையைப் பற்றியது இல்லை. பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் நடுவே உள்ள ஆறு ஆண்டுகளுக்கு யார் செலவு செய்கிறார்கள் என்பதே கேள்வி.

ஜெயங்கொண்டத்தில் இருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். உடையார்பாளையம் வட்டத்துக்கு இதுதான் தலைமையிடம். கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்தில் இருக்கிறது. பட்டுத் தறி, முந்திரி, மானாவாரி விவசாயம் என்று பிழைக்கிற ஊர்கள் சுற்றிலும் உள்ளன. ரயில் கிடையாது, எங்கே போவதென்றாலும் பஸ்தான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது இந்தப் பகுதி அதில் சேர்ந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் திரும்பவும் தனியானது. இந்தப் பிரிவினைகளுக்கு நடுவே விளையாட்டு விடுதிகளும் பங்காகிக் கிடக்கின்றன: ஆணையத்தின் பட்டியலில் மாணவர் விடுதி அரியலூரிலும் மாணவியர் விடுதி பெரம்பலூரிலும் வருகின்றன. ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் சேருகிறவர்களுக்கு மாவட்டத் தலைநகரில் செலக்‌ஷன் நடக்கும். எந்த விளையாட்டுக்குத் தேர்வானார்களோ அதற்கேற்ப மாநிலத்தின் எந்த மூலையில் உள்ள விடுதிக்கும் அனுப்பப்படலாம்.

இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழைப் பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடும் பள்ளிப் படிப்பும் காலை, மாலைப் பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் செலக்‌ஷனுக்கு வந்து நிற்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை யாரோ கண்டெடுத்திருக்க வேண்டும். அந்த யாரோ பெரும்பாலும் ஒரு பி.டி. மாஸ்டர்தான். அவர் இல்லாத பள்ளியிலும், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்ளும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைக்குச் செலக்‌ஷன் தேதியே தெரியாமல் போகும். பெண் பிள்ளை என்றால் இன்னொரு தடையும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பெண்ணைக் கண்காணாத மாவட்டத்துக்கு அனுப்ப எத்தனை வீடுகள் துணியும்? ஒரு மணி நேரப் பயணத்தில், வாரக் கடைசியில் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரத்தில் மையம் இருந்தால் பல வீடுகளில் பதில் மாறும். வட்டார மையம் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான காரணம் இல்லை.

பணம் இப்போது எங்கே போகிறது? விளையாட்டு, அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 33ஆவது இனம். எனவே முதல் பொறுப்பு மாநில அரசுக்கு. தமிழ்நாடு இதைத் தட்டிக்கழித்ததாகச் சொல்ல முடியாது. இளைஞர் நலன், விளையாட்டுத் துறைக்கு 2024–25இல் 440 கோடி ரூபாய், 2025–26இல் 572 கோடி என ஒதுக்கீடு ஏறியிருக்கிறது. உச்சியில் இருப்பவர்களுக்கு உதவி தாராளமாகவே உண்டு: எலைட் திட்டத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 30 லட்சம் வரை, மிம்ஸ் திட்டத்தில் 12 லட்சம் வரை, சாம்பியன்ஸ் மேம்பாட்டுத் திட்டத்தில் 4 லட்சம் வரை. ஒலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி. உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷுக்கு 5 கோடி கொடுத்தார்கள். அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற அணிகளில் இருந்த வடுவூர் அபினேஷுக்கும் கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் தலா 25 லட்சம் கிடைத்தது. கீழ்த்தட்டில், 12,000க்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் போயின. சட்டமன்றத் தொகுதிதோறும் 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் என்ற திட்டமும் நடக்கிறது.

மேலே பரிசு, கீழே உபகரணமும் கட்டடமும். நடுவே உள்ள ஆறு ஆண்டுகள்தான் மெலிந்து கிடக்கின்றன. ஒன்றிய அரசின் கேலோ இந்தியா மாவட்ட மையங்களின் கணக்கைப் பார்த்தால் இது புரியும். ஒரு மையத்துக்குத் தொடக்கத்தில் ஒருமுறை 5 லட்சம், பிறகு ஆண்டுக்கு 5 லட்சம். அதற்குள் பயிற்சியாளராக வரும் முன்னாள் வீரரின் சம்பளம், பந்து, மட்டை, சீருடை, போட்டிக்குப் போய்வரும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். சம்பளம் மாதம் 25,000 ரூபாய் வரை. தேசிய அளவில் ஆடிய ஒருவர் குடும்பத்தோடு ஜெயங்கொண்டத்தில் வீடு பிடித்து, இந்தச் சம்பளத்தில் எட்டு ஆண்டுகள் தங்குவார் என்று நம்புவது அவருக்குச் செய்யும் அநியாயம். ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைத்த நாளே கிளம்பிவிடுவார். அவர் போனதும் பிள்ளைகளின் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பும் அறுந்துபோகும். குகேஷுக்குக் கொடுத்த 5 கோடியை இந்த 5 லட்சத்தால் வகுத்தால், ஒரு மாவட்ட மையத்தின் நூறு ஆண்டுச் செலவு வருகிறது. பரிசைக் குறைக்கச் சொல்லி இதைக் கணக்குப் போடவில்லை; மையத்துக்குக் கொடுப்பது எவ்வளவு சொற்பம் என்று காட்டுவதற்காகத்தான் போட்டேன்.

பயிற்சியாளர் ஒரே இடத்தில் நிலைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமே சாட்சி. 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. முதல் தொகுதியில் 40 சிறுமிகள். அவர்களில் ஒருவர் பய்யோளியிலிருந்து வந்த பி.டி. உஷா. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஓ.எம். நம்பியார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் உஷா நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தபோது, அவருக்கும் நம்பியாருக்கும் இடையே எட்டு ஆண்டு உழைப்பு இருந்தது. அன்று அந்த அரசு செய்த முதலீடு என்பது விடுதி, சாப்பாடு, ஒரு நல்ல பயிற்சியாளர். ஹரியானாவின் பிவானியும் இப்படித்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன ஐந்து இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் நான்கு பேர் அந்தச் சிறு நகரத்தைச் சார்ந்து வளர்ந்தவர்கள். விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கினார். இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையமும், ஜக்தீஷ் சிங் என்ற பயிற்சியாளரின் பிடிவாதமும் ஒரே ஊரில் சேர்ந்ததால் அது நடந்தது.

இந்தப் பாடத்தை ஆஸ்திரேலியா தோல்வியில் கற்றுக்கொண்டது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. ஹாக்கியில் ஒரு வெள்ளி, மற்றபடி நான்கு வெண்கலம். நாடே கொந்தளித்தது. 1981 ஜனவரியில் கான்பெராவில் தேசிய விளையாட்டுக் கழகம் திறந்தார்கள். ஆனால் அவ்வளவு பெரிய நாட்டின் பிள்ளைகள் எல்லோரும் கான்பெராவுக்கு வந்து சேர முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. 1982இல் தென் ஆஸ்திரேலியா தன் சொந்தக் கழகத்தைத் தொடங்கியது. 1984இல் மேற்கு ஆஸ்திரேலியா. பின்னர் மற்ற மாநிலங்களும். 2012இல் கான்பெரா தானே பிள்ளைகளைத் தங்கவைத்துப் பயிற்றும் பொறுப்பைக் கைவிட்டு, அதை அந்தந்த விளையாட்டுச் சம்மேளனங்களிடம் ஒப்படைத்தது. பிரிட்டன் வேறு வழியில் போனது. 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பியபின் லாட்டரிப் பணத்தை விளையாட்டில் கொட்டியது. பதக்கம் தரும் விளையாட்டுக்கு மட்டுமே பணம் என்று கறாராக இருந்தது. பதக்கங்கள் குவிந்தன. ஆனால் 2014இல் கூடைப்பந்து போன்ற, ஏழைப் பிள்ளைகள் அதிகம் ஆடும் விளையாட்டு மொத்த நிதியையும் இழந்தது. பதக்கத்தை மட்டும் பார்த்துப் பணம் பிரித்தால் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட பிள்ளைகள்தான். நமக்கு அந்த வழி வேண்டாம்.

ஒன்றிய அரசின் பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கேலோ இந்தியாவில் விளையாட்டுக் கட்டமைப்புக்கு மாநிலங்களுக்குக் கொடுத்த தொகை பற்றி 2024இல் நாடாளுமன்றத்தில் வந்த கணக்கில், உத்தரப் பிரதேசத்துக்கு ஏறத்தாழ 438 கோடி, குஜராத்துக்கு 426 கோடி, தமிழ்நாட்டுக்கு 20 கோடி. அதே 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளைச் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் நடத்திய தமிழ்நாடு, 38 தங்கம் உட்பட 98 பதக்கங்களோடு நாட்டிலேயே இரண்டாம் இடம் பிடித்தது. மாநிலம் எத்தனை திட்டங்களை அனுப்பியது என்பதையும் பொறுத்துத்தான் ஒதுக்கீடு என்று ஒன்றிய அரசு சொல்லலாம். அப்படியே இருந்தாலும் இருபது மடங்கு வித்தியாசத்தை அந்தச் சமாதானம் மூடிவிடாது. இதைத் தட்டிக்கேட்க வேண்டியது நம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை.

ஆனால் டெல்லியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கத் தேவையில்லாத மாவட்டம் அரியலூர். இந்த மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அரசு சிமெண்ட் ஆலையோடு தனியார் ஆலைகளும் பல ஆண்டுகளாக அதை வெட்டி எடுக்கின்றன. லாரிகள் ஓடி நொறுங்கிய சாலையும், புழுதி படிந்த மரங்களும், தண்ணீர் தேங்கி நிற்கும் பெருங்குழிகளும் இங்கே உள்ளவர்களுக்குப் புதிதில்லை. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்ற ஏற்பாடு உண்டு. பழைய குத்தகைகளில் ராயல்டியில் 30 சதவீதமும், 2015 ஜனவரிக்குப் பிந்தைய குத்தகைகளில் 10 சதவீதமும் அதற்கு வர வேண்டும். இது போக, கனிமம் உள்ள நிலத்துக்கான வரியாகச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வீதம் 2025 ஏப்ரல் முதல் மாநில அரசு வசூலிக்கிறது. பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிற கம்பெனிச் சட்டம், கிராமப்புற விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி தருவதைத் தன் ஏழாம் அட்டவணையில் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம் கனிம அறக்கட்டளைப் பணத்தில் தன் 17 வட்டாரங்களிலும் செயற்கை ஹாக்கித் தரைகள் போடத் திட்டமிட்டு வேலையைத் தொடங்கியது. அங்கே இரும்புத்தாது, இங்கே சுண்ணாம்புக்கல்.

எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். தங்கிப் பயிலும் திறமையான ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் என்று கேலோ இந்தியாவே கணக்கு வைத்திருக்கிறது. இதில் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவும் அடங்கும். நாற்பது பிள்ளைகளுக்கு 2 கோடியே 51 லட்சம். ஒரு தொகுதியின் சிறு விளையாட்டரங்கம் கட்ட ஆகும் 3 கோடியை விடக் குறைவு. டன்னுக்கு 160 ரூபாய் என்ற அந்த வரியில் பார்த்தால், ஏறத்தாழ 1 லட்சத்து 57 ஆயிரம் டன் சுண்ணாம்புக்கல்லின் வரி. ஆண்டுக்கு 20 லட்சம் டன் வெட்டும் ஓர் ஆலைக்கு அது ஒரு மாதத்து வேலைகூட இல்லை.

ஜெயங்கொண்டத்துக்கு ஒலிம்பிக் நீச்சல் குளம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மண்டலத்துக்கு ஒன்றாக நான்கு ஒலிம்பிக் அகாடமிகள் என்று மாநில அரசு 2022இல் அறிவித்தது. திருச்சிக்கும் ஒன்று வருகிறது. பெரிய கட்டமைப்பு அங்கே இருப்பதுதான் முறை. இங்கே தேவைப்படுவது ஒன்றிரண்டு விளையாட்டுகளுக்கு மட்டுமான மையம். கபடியும் ஹாக்கியும் இங்கே பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டு நிரந்தரப் பயிற்சியாளர் பணியிடம், அவர்களில் ஒருவர் பெண். வாரம் சில நாட்களாவது வரும் பிசியோதெரபிஸ்ட். மாணவர், மாணவியர் இருபாலருக்கும் விடுதி. கபடிக்கு மேட். ஹாக்கிக்குத் தரை போட முடியாவிட்டால், மாதத்தில் சில நாட்கள் செயற்கைத் தரை உள்ள ஊருக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டு ஆண்டுகளுக்கு நிதி நிற்காது என்ற எழுத்துபூர்வ உத்தரவாதம்.

எட்டு ஆண்டு என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆட்சி மாறினாலும் ஆட்சியர் மாறினாலும் பன்னிரண்டு வயதில் சேர்ந்த பிள்ளை இருபது வயதுவரை அங்கேயே இருக்க முடிய வேண்டும். அரங்கத்தைத் திறக்கும்போது ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டு வைக்கலாம். எட்டாவது ஆண்டுச் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. பயிற்சியாளர் சம்பளம் பட்ஜெட்டில் எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பதக்கம் வராவிட்டால் இத்தனை பணமும் வீணா என்று கேட்பவர்கள் உண்டு. நாற்பது பேரில் இந்திய அணிக்கு ஒருவர் போனாலே அதிசயம் என்பது உண்மை. மற்ற முப்பத்தொன்பது பேர்? மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ராணுவம், ரயில்வே, காவல்துறை என்று கதவுகள் உண்டு. லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் ராணுவத்தில் சேர்ந்துதான் ஆசியப் பதக்கம்வரை ஓடினார். விடுதியில் படித்தவர்களில் சிலர் பி.டி. மாஸ்டராகத் திரும்பி வந்து அடுத்த தலைமுறையைக் கண்டெடுப்பார்கள். கோவில்பட்டியில் ஹாக்கி நிலைத்ததும் இப்படித் திரும்பி வந்தவர்களால்தான்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. கனிம அறக்கட்டளைக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர். சிமெண்ட் ஆலைகளின் சமூகப் பொறுப்புத் திட்டங்களும் அவரோடு கலந்து பேசித்தான் நடக்கின்றன. ஜெயங்கொண்டம், செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து ஊராட்சிகளில் உள்ளவர்கள் அடுத்த கிராம சபையில், குடிநீர், சாலைக் கோரிக்கைகளோடு சேர்த்து இதையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: இரண்டு நிரந்தரப் பயிற்சியாளர், நாற்பது பிள்ளைகளுக்கு விடுதி, எட்டு ஆண்டு நிதி. அரங்கத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.